ஆன்ட்ரூஸ் வீட்டு மோடம்

துபாயிலிருந்து வரும் சாமான்களுக்கு ஈட்டிக்கோணத்தில் தனி மரியாதை உண்டு. டார்ச் லைட் ஆனாலும் தலைவலித் தைலம் ஆனாலும் வந்த கையோடு யாரும் எடுத்துப் புழங்கிவிட மாட்டார்கள். கொஞ்ச நாள் ஷோகேஸில் இருக்க வேண்டும். வருகிறவர்கள் பார்த்து, "இது அங்கத்ததா, இங்க உள்ளதா?" என்று கேட்க வேண்டும். "அங்கத்ததாக்கும்" என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சாமான் வேலைக்கு இறங்கும். ஆன்ட்ரூஸின் மகன் லிபின் கொண்டுவந்த மோடமும் அப்படித்தான் வேத வசனப் பலகைக்கும் பீங்கான் மயிலுக்கும் நடுவே, நாலு கொம்பையும் நீட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தது. பிறகு வேலைக்கு இறங்கியது. அன்றிலிருந்துதான் ரெஜிலாவின் சத்தம் வீட்டை விட்டு வெளியே போகாமல் ஆனது.

அவளுக்கு அது உடனே தெரியவில்லை. குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் ஏறி வந்தால் சர்ச் ஜங்ஷன். அங்கேதான் போன் ஆபீஸ்காரர்களின் பச்சைப் பெட்டி இருக்கிறது. பெட்டியிலிருந்து இரண்டாவது வீடு ஆன்ட்ரூஸுடையது. கேபிள் அவர் மதிலை ஒட்டிப் போய், ரப்பர் விளைகளுக்கு உள்ளே நுழைந்து, தண்ணீர் ஓடும் தோட்டைக் கடந்து, மேட்டில் ஏறி, ரெஜிலாவின் வீட்டில் வந்து முடியும். அதற்கு மேலே வனத்துறை வேலிதான். மலை மறைப்பதால் செல்போனில் சிக்னல் கோடு காட்டாது. ஜங்ஷனில் காட்டும், அதுவும் மழை தொடங்கினால் போய்விடும். ஆகவே ஊர் முழுக்கக் கைவிட்டுவிட்ட செம்புக் கம்பியைத்தான் அந்த வீடு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் இரண்டு பேர். ரெஜிலாவும் தம்பி சிஜினும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூத்தவர் ஜெபதாஸ் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அடுத்தவன் ஆன்ஸ்லின், நர்ஸ் மனைவிக்குப் பின்னாலேயே அயர்லாந்துக்குப் போனவன். ரெஜிலாவுக்குக் கல்யாணம் பேசிப் பேசித் தட்டிப்போய், பிறகு யாரும் பேசாமலே போனது. சிஜினுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தபோது மூச்சு தாமதித்து வந்த பிள்ளை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராது. ஆனால் கைவேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

விடிவதற்கு முன்னால் ரெஜிலா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்கு இறங்குவாள். அவள் கத்தியால் பட்டையைச் சீவிக்கொண்டே போக, வெயில் ஏறும் நேரத்துக்கு சிஜின் வாளியோடு வருவான். ஒவ்வொரு மரத்திலும் சிரட்டையைக் கவிழ்த்து, விரலால் வழித்து, திரும்ப வைத்து, அந்த மரத்தின் தலைவலியை விசாரிப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவான். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாது. பிறகு பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக அடிப்பார்கள். சக்கரத்தைச் சுற்றுவது சிஜின். சுற்றும்போது மூக்கால் ஒரு பாட்டு வரும். என்ன பாட்டு என்று சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவருக்கும் தெரியாது.

அந்த ஆசிட்தான் வினையாகப் போனது. ரெஜிலா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அக்காவுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, சிஜின் தானே கலக்கப் போனான். குப்பி சரிந்து வலது பாதத்தில் ஊற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருந்து போட்டு, தோல் உரிந்து ஆறும் வரைக்கும் அவள் அவனைக் குழந்தையைப்போல் வைத்துப் பார்த்தாள். ஆனால் கட்டுப்போட்ட காலின் படம் அவள் சொல்வதற்கு முன்னாலேயே மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் அனுப்பினார்கள் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

ஜெபதாஸ் கெட்டவர் அல்ல. படத்தைப் பார்த்து அழுதார். அழுது முடித்ததும் திட்டம் போட்டார். மதுரைக்கு அந்தப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு ஹோம் இருக்கிறது, நல்ல இடம், சிஜினை அங்கே சேர்த்துவிடலாம், விளையைக் குத்தகைப் பாட்டத்துக்கு விட்டுவிடலாம், ரெஜிலா அயர்லாந்துக்குப் போய் ஆன்ஸ்லினின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். விளை அவர் பெயரில் இருந்தது. ரெஜிலா வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினாள். "எழுத்துல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஜெபத்துல வச்சு எல்லாரும் பேசித் தீர்மானிப்போம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அவளிடம் பதில் தயாராக இருந்தது. பாலை ஷீட் அடிக்காமல் பாலாகவே கொடுத்துவிட்டால் ஆசிட்டே வேண்டாம். ஜங்ஷன் வியாபாரியிடம் பேசியும் ஆயிற்று. பீப்பாய் தருகிறேன், வண்டி மேடு ஏறி வந்து எடுத்துக்கொள்ளும் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இதை மட்டும் அண்ணன்மாருக்குப் புரியும்படி ஒருதடவை சொல்லிவிட்டால் போதும், சிஜின் வீட்டிலேயே இருப்பான். சொல்வதற்குத்தான் வழியில்லை. மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக, "ஏட்டி, உனக்க சத்தம் கேக்கல்ல, பொட்டுப் பொட்டுனு வருது" என்றே ஜெபம் முடிந்துகொண்டிருந்தது.

புகார் கொடுத்ததில் லைன்மேன் குமாரதாஸ் வந்தார். கான்ட்ராக்ட் ஆள். நெற்றி நாமம் மழையில் பாதி கரைந்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் கருவி. கம்பியை அதில் மாட்டி, எண்களைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். ரெஜிலா பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"ஒங்க வீட்டுக்கு வாற சிக்னல் நல்லாதான் வருது மக்கா. இங்கேருந்து போறதுதான் அங்க போய்ச் சேரல்ல."

"அதத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். அவிய பேசுதது அம்புட்டும் எனக்கு கேக்குது. நான் பேசுதது அவியளுக்கு கேக்கல்ல. மோடத்துல பவரக் கொஞ்சம் கூட்டி வச்சுத் தாங்க."

"கூட்டதுக்கு இனி என்ன இருக்கு? அது இப்பமே தொண்ட கிழியக் கத்திட்டுதான் கெடக்கு. கடைசி வீடுல்லா? கம்பி நீள நீள சத்தம் தேஞ்சு போவும்."

"முந்தி கேட்டுதே அண்ணாச்சி. கிறிஸ்மஸுக்கெல்லாம் நல்லா கேட்டுதே."

குமாரதாஸ் சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். "ஆன்ட்ரூஸ் வீட்டுல துபாய் மோடம் வச்சிருக்காவளா?"

"ஆமா. லிபின் கொண்டுவந்தது."

"அதாக்கும் காரியம். இங்க பாரு. பெட்டிக்குப் பக்கத்துல இருக்கப்பட்டவன் பையப் பேசணும். தூரத்துல இருக்கப்பட்டவன் சத்தமாட்டுப் பேசணும். அப்பம்தான் ரெண்டும் பெட்டிக்கு ஒண்ணுபோல கேக்கும். நம்ம மோடம்னா பெட்டியே சொல்லிரும், நீ பக்கத்துலதானே நிக்க, சத்தத்தக் கொறைன்னு. அதுவும் கொறைச்சிரும். அந்த துபாய் சாதனம் சொன்ன பேச்சுக் கேக்கல்ல. பெட்டிக்க காதுல வாயை வச்சுட்டு அலறுது. அதுக்கு நடுவுல நீ இங்கேருந்து கூப்புட்டா யாருக்கு கேக்கும்?"

"அவியளுக்க கம்பி வேற, எனக்க கம்பி வேறதானே?"

"வேறதான். ஆனா எல்லாம் ஒரே உறைக்குள்ள கெட்டிப் புடிச்சுட்டுல்லா வருது? ஒண்ணுக்க சத்தம் மத்ததுல ஒழுகும். கிறிஸ்மஸுக்கு வாலிபர் சங்கமும் கிளப்புக்காரனும் எதிரெதிரா ஸ்பீக்கர் கெட்டுனது ஓர்ம இருக்கா? அவன் கூட்ட, இவன் கூட்ட, கடைசில சர்ச் ஐயரு பிரசங்கம் யாருக்காவது கேட்டுதா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிற காரியம் இல்லை என்று உடனே ஞாபகம் வந்தது. "அப்பம் நீங்க அவியகிட்ட ஒண்ணு சொல்லப்படாதா?"

"சொன்னேன், போன மாசம். எனக்க சொந்த மோடத்தத் தொட நீ யாருன்னு கேட்டாரு. எனக்குத் தொட அதிகாரமும் கெடையாது. மேல எழுதிப் போட்டா, ஃபைபர் வரப் போவுது, செம்புக்கு இனி செலவு பண்ணண்டாம்ங்கான். ஃபைபர் உனக்க மேட்டுக்கு எப்பம் வரும்னு கேட்டா அதுக்குப் பதில் இல்ல." அவர் எழுந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். "ஒனக்க வேகத்தக் கொறச்சு வச்சிருக்கேன். வேகம் கொறைஞ்சா தெளிவு கூடும். ஆன்ட்ரூஸ் வீட்டு சாதனம் அணைஞ்சு கெடந்தா உனக்க சத்தம் சுத்தமாட்டுப் போவும். எரிஞ்சா, என்னால ஒண்ணும் ஒக்காது மக்கா."

அன்று சாயங்காலமே ரெஜிலா ஆன்ட்ரூஸ் வீட்டுக்குப் போனாள். சிஜினும் கூடவே வந்து, வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டான். ஆன்ட்ரூஸ் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் ஷிஜி வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். அவர் ரெஜிலா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"நான் முப்பது வருஷம் மெஷின் பாத்தவனாக்கும் மக்கா. எனக்க வீட்டுல லைட் எரிஞ்சா உனக்க வீட்டுல இருட்டாவுமா? குமாரதாஸுக்கு லைன் பாக்க மடி. அதுக்கு ஒரு கத சொல்லிட்டுப் போயிருக்கான்."

"எனக்குத் தெரியாது மாமா. அந்த ஒரு நேரம் மட்டும் அணைச்சுப் போட்டா போரும். ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரம். சிஜின் காரியம் பேசப் போறாவ."

சிஜின் பெயரைக் கேட்டதும் ஆன்ட்ரூஸின் முகம் மாறியது. "அதுக்கென்ன, அணைச்சிருவோம். இல்லேன்னா ஒண்ணு செய்யி. நீ இங்க வந்து பேசு. ஷிஜி ரூமுல கதவ அடைச்சுட்டு இருந்து பேசு. யாரும் வர மாட்டாவ."

நல்ல யோசனைதான். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அண்ணன்மார் தம்பியை வெளியே அனுப்பப் பேசுவதையும், தான் அழுது கெஞ்சுவதையும் இன்னொரு வீட்டுச் சுவர் கேட்க வேண்டுமா என்று இருந்தது அவளுக்கு. ஊரில் கதவு அடைத்துப் பேசிய பேச்சுத்தான் முதலில் வெளியே வரும். "வேண்டாம் மாமா. வீட்டுல வச்சு ஜெபம் பண்ணணும்னு பெரியண்ணன் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை, மறந்திராதேங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்தநாள் ஜங்ஷனில் கோடு கிடைத்த நேரத்தில் அண்ணன்மாருக்குப் பெருமையாகச் செய்தியும் போட்டாள். லைன் சரி ஆயிற்று, இனி என் சத்தம் நன்றாகக் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை நான் பேச வேண்டியது இருக்கிறது என்று. எந்த நேரத்தில் எழுதினாளோ.

விட்டு விட்டுப் பெய்த மழை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே விடவில்லை. மூன்று நாளாகப் பால்வெட்டு இல்லை. மரச்சீனிக்கிழங்கு அவித்து, சாளைக்கறி வைத்துச் சாப்பிட்டார்கள். சிஜினுக்குத் தலை சீவி, கிறிஸ்மஸ் சட்டையைப் போட்டுவிட்டாள். ஆறிய பாதம் தெரியட்டும் என்று வேட்டியைக் கொஞ்சம் மேலே கட்டிவிட்டாள். செல்போனை அப்பா படத்துக்குக் கீழே டம்ளரில் சாய்த்து வைத்தாள். மோடத்தில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"ஏட்டி, இன்னிக்கு மணிமணியாட்டுக் கேக்குதே!" என்றார் ஜெபதாஸ். ஆன்ஸ்லினும், "ஆமா, படமும் நல்லா இருக்கு" என்றான். அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. பாட்டுப் பாடினார்கள். பைபிளில் சங்கீதம் வாசித்தார்கள். ஜெபதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மஸ்கட் போவதற்கு முன் அவர் ஈட்டிக்கோணம் சபைக்கு செக்ரட்டரியாக இருந்தவர். வீட்டில் மூன்று பேர் சேர்ந்து கோழி அடிப்பது பற்றிப் பேசினாலும் அவர் அதை ஒரு கமிட்டிக் கூட்டமாக்கிவிடுவார். சபைக் கமிட்டியில் ஒரு முறை உண்டு. காரியத்தைச் சொல்லிவிட்டு, "ஆட்சேபணை உண்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் ஜெபம் பண்ணி முடிப்பார்கள். ஜெபம் முடிந்தால் தீர்மானம் முடிந்தது. பிறகு அதைத் திறந்து பேசுவது தேவனிடம் சொன்ன சொல்லை மாற்றுவதாகும். கழிப்பறையை சர்ச்சுக்கு முன்பக்கம் கட்டுவது என்று ஒரு தடவை வாய் தவறித் தீர்மானமாகி, அதற்கு ஜெபமும் ஆகிவிட்டது. இன்றைக்கும் அது முன்பக்கம்தான் நிற்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

"காரியத்துக்கு வருவோம்," என்றார் ஜெபதாஸ். "நான் சொல்லி முடிச்ச பொறவு ஒவ்வொருத்தரும் பேசலாம். இடையில பேசண்டாம்."

அவர் சிஜினின் கால் பற்றிப் பேசினார். அம்மா சாகும்போது அவன் கையைத் தன் கையில் பிடித்துக் கொடுத்ததைச் சொன்னார். அங்கே டாக்டர் உண்டு, தோட்டம் உண்டு, பாட்டு வகுப்பு உண்டு என்றார். ரெஜிலா ஒழுங்காகக் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மோடத்தின் பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது.

திரையின் மூலையில் இருந்த அவளுடைய சின்னப் படம் மட்டும் நன்றாக அசைந்தது. ஆனால் ஆன்ஸ்லின், "ரெஜிலாவுக்க படம் நின்னு போச்சு" என்றான்.

"படம் நின்னா சாரமில்ல. சத்தம் இருக்கே. ரெஜிலா, கேக்குதாட்டி?"

"கேக்குது அண்ணா, எனக்கு கேக்குது. ஒங்களுக்கு கேக்குதா?"

"ம்முனு சொல்லுதா," என்றார் ஜெபதாஸ். "கேக்குது."

ஆன்ட்ரூஸ் மாமா மறந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுத் தரைப்போன் கருவி கெட்டு வெகுநாளாயிற்று; அந்தக் கம்பியில் மோடம் மட்டும்தான். அழைப்பை வெட்டிவிட்டுத் திரும்ப அழைக்கலாம். ஆனால் இந்த லைனில் திரும்ப இணைப்புக் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? தான் இல்லாமலே முடித்துவிட்டால்? அவசரமாக, 'என் சத்தம் வராது, பொறுங்கள்' என்று செய்தி எழுதி அனுப்பினாள். பக்கத்தில் கடிகாரக் குறி வந்து நின்றது. அது நின்றுகொண்டே இருந்தது.

சிஜினின் இரண்டு தோளையும் பிடித்தாள். "மக்கா, ஆன்ட்ரூஸ் மாமா வீட்டுக்கு ஓடணும். அந்தக் கொம்பு வச்ச பெட்டி உண்டுல்லா? அத ஆஃப் பண்ணச் சொல்லணும். ஆஃப். சொல்லு பாப்போம்."

"ஆஃப்," என்றான் சிஜின்.

"ஓடு. குடை எடு."

அவன் குடையை எடுக்கவில்லை. மழையில் இறங்கி, புதிதாகத் தோல் பிடித்த காலோடு, "ஆஃப், ஆஃப்" என்று சொல்லிக்கொண்டே மேட்டிலிருந்து கீழே ஓடினான். ரப்பர் மரங்களுக்குள் வெள்ளைச் சட்டை தெரிந்து தெரிந்து மறைந்தது. அவள் திரைக்குத் திரும்பினாள்.

"சிஜின எங்க? அவன ஒண்ணு பாக்கணுமே," என்று ஜெபதாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் அனுப்பினேன் அண்ணா! இப்பம் வருவான்!"

"பதில் இல்லியே. ரெஜிலா, சிஜின் எங்கட்டி?"

"ஆன்ட்ரூஸ் மாமா வீட்டுக்கு! அனுப்பியிருக்கேன்!"

ஆன்ஸ்லின் மெதுவாகச் சொன்னான். "அவளுக்கே தெரியல்ல போல இருக்கு அண்ணா. இந்த மழையில அவன் எங்க எறங்கிப் போனான்னு. சொல்ல மடிச்சுட்டு இருக்கா."

"இதத்தான் நானும் பயந்தேன்," என்றார் ஜெபதாஸ். "பாவம், அவ ஒருத்தி என்ன செய்வா? அவளக் குத்தம் சொல்லப்படாது."

ரெஜிலா கத்தினாள். பாலாகவே கொடுத்துவிடலாம், ஆசிட் வேண்டாம், வியாபாரி சம்மதித்துவிட்டார், வண்டி வரும், அவன் என்னை விட்டு இருக்க மாட்டான், மரங்களை விட்டு இருக்க மாட்டான், எனக்கு அயர்லாந்து வேண்டாம் என்று திரையின் மேல் குனிந்து கத்தினாள். ஓட்டின் மேல் மழை அடித்தது. அவள் சத்தம் சுவரில் முட்டி அவள் காதுக்கே திரும்பி வந்தது. அண்ணன்மார் இருவரும் பொறுமையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது எப்போதோ நின்றுபோன படம். அதில் அவள் தலை குனிந்து, அடக்கமாக இருந்தாள்.

"ஆட்சேபணை உண்டுமா?" என்றார் ஜெபதாஸ்.

"உண்டு!"

"ரெஜிலா, உனக்காட்டுதான் கேக்குதேன். மனசுல என்ன இருந்தாலும் சொல்லலாம். ஆட்சேபணை உண்டுமா?"

"உண்டு அண்ணா, உண்டு, உண்டு!"

"மூணாவது தடவ. ஆட்சேபணை உண்டுமா?"

அவள் செல்போனை எடுத்து மோடத்தின் மேலேயே வைத்துப் பிடித்துக் கத்தினாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று குமாரதாஸ் இருந்தால் சொல்லியிருப்பார். இரைச்சல் இந்த வீட்டில் இல்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார் ஜெபதாஸ். "நல்லது. ஜெபிப்போம்."

அவள் வாய் நின்றது. பிறந்ததிலிருந்து ஒரு ஜெபத்துக்குக் குறுக்கே அவள் பேசியதில்லை. அந்த வீட்டில் யாருமே பேசியதில்லை. அடுப்பில் கறி தீய்ந்தாலும் ஜெபம் முடிந்துதான் எழுந்திருப்பார்கள். உள்ளே அவ்வளவு ஆத்திரமும் இருக்க, கை தானாகக் கூப்பிக்கொண்டது. கண் தானாக மூடிக்கொண்டது. இப்போதும் கத்தியிருக்கலாம். கேட்டிருக்காது, அது வேறு. ஆனால் அவள் கத்தவில்லை என்பதும் உண்மைதான்.

ஆன்ட்ரூஸ் வீட்டில் நடந்ததைப் பிறகு ஷிஜி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மாமா சொன்ன சொல் தவறாமல் மோடத்தை அணைத்துத்தான் போட்டிருந்தார். ஆனால் துபாயில் பேரனுக்குப் பிறந்தநாள். லிபின் தரைப்போனில் கூப்பிட்டு, கேக் வெட்டப் போகிறோம், எல்லோரும் வாருங்கள் என்றான். ஒரு நிமிஷம்தானே, ரெஜிலாவின் ஜெபம் முடிந்திருக்கும் என்று மாமா ஸ்விட்சைப் போட்டார். இவர்கள் திரைக்கு முன்னால் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது சிஜின் நனைந்து வந்து வாசலில் நின்றான். பாட்டுச் சத்தத்தில் அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மாமி பலகாரத் தட்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. சேற்றுக் காலோடு நேரே ஹாலுக்குள் நடந்துபோய், துபாய் மோடத்துக்கு முன்னால் நின்று, விரலை நீட்டி, "ஆஃப்" என்றான். ஷிஜிக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தாள்.

மேட்டு வீட்டில் ஜெபம் நீண்டுகொண்டிருந்தது. ஜெபதாஸ் சிஜினுக்காக அழுது ஜெபித்தார். அந்த இடத்தில் அவனுக்கு நல்ல ஆட்களைக் காட்டும் என்று கேட்டார். ரெஜிலாவின் பாரத்தை இறக்கி வைத்ததற்கு நன்றி சொன்னார். கடைசியில் பரமண்டல ஜெபம். மூன்று தேசத்திலிருந்தும் மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். ரெஜிலாவின் உதடும் அசைந்தது. முடிவில் பழக்கத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது.

"ஆமென்."

"ஆமென்," என்றார் ஜெபதாஸ். "பாத்தியா ஆன்ஸ்லின், எவ்வளவு தெளிவாட்டுச் சொன்னா! எனக்கு இப்பம்தான் சமாதானம். நீ மனசில்லாம இருக்கியோன்னு நெனச்சேன் மக்கா."

அவள் கண்ணைத் திறந்தாள். மோடத்தின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"அண்ணா, எனக்க சத்தம் கேக்குதா?"

"இதென்ன, நல்லா கேக்குதே."

"இவ்வளவு நேரம் கேக்கல்ல. நான் உண்டு உண்டுன்னு கத்தினேன். ஆட்சேபணை உண்டு அண்ணா. எனக்கு ஆட்சேபணை உண்டு." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பால், பீப்பாய், வியாபாரி, வண்டி. ஒரு சொல் விடாமல் அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆன்ஸ்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நல்ல யோசனைதான்," என்றார் ஜெபதாஸ். உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். "இத நீ முந்தியே சொல்லியிருக்கப்படாதா மக்கா?"

"சொன்னேன் அண்ணா. கம்பியில போகல்ல."

"இருக்கலாம். ஆனா மூணு தடவ கேட்டாச்சு. ஜெபமும் பண்ணியாச்சு. நீயும் ஆமென் சொல்லியாச்சு. ஆண்டவருக்க முன்னால வச்ச காரியத்த இனி எப்படி எடுக்கதுக்கு? கம்பி கெட்டதும், ஜெபத்துல சரியானதும் அவரு அறியாமயா நடந்தது? அப்படி நெனச்சுப் பாரு."

"சின்னண்ணா, நீங்களாவது சொல்லுங்களேன்."

ஆன்ஸ்லின் கண்ணாடியைத் திரும்பவும் போட்டுக்கொண்டான். "அங்க போய்ப் பாக்கட்டும் அக்கா. பிடிக்கல்லன்னா பொறவு ஆலோசிப்போம்." அண்ணனாயிருந்தும் அவளைச் சின்ன வயதிலிருந்து அக்கா என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அவன் பழக்கம். இன்று அதில் கேலி இல்லை. "ஹோம் வண்டி புதன்கிழமை வரும். நான் ஏற்கனவே சொல்லி வச்சாச்சு."

அப்போது சிஜின் உள்ளே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பாதத்தில் புதுத்தோல் ஒரு இடத்தில் கிழிந்து லேசாக ரத்தம் கசிந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"சிஜின் வந்துட்டான்!" என்று ஜெபதாஸ் கை காட்டினார். "மக்கா, நனைஞ்சுட்டியா? சுகமா இருக்கியா?" திரையில் எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவன் மோடத்தின் விளக்கைப் பார்த்தான். திரையில் அண்ணன்மார் அசைவதைப் பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்து, கேட்டான்.

"ஆஃப். சொல்லியாச்சு. சரியா?"

ரெஜிலா கொடியிலிருந்து துண்டை உருவி அவன் தலையில் போட்டு, முகம் தெரியாதபடி மூடி, அழுத்தித் துடைத்தாள்.

"சரியாட்டுதான் சொன்னே மக்கா," என்றாள்.